கையில் நாவல், காலடியில் கணக்கு: லண்டன் முதல் அமியான் வரை ஆறு நாள்

கிளம்பும் முன்

த்ரில்லரோ அறிவியல் புனைகதையோ, இரண்டுமே பெரிய பொய் ஒன்றை நம்பவைக்க வேண்டிய எழுத்து. செவ்வாயிலிருந்து உருளை வந்து விழுந்தது என்றோ, தனி ஒருவன் ஒரு நாட்டின் தலைவரைக் குறிவைத்தான் என்றோ வாசகர் நம்ப வேண்டுமானால், அதற்கு முன் நூறு சின்ன உண்மைகளை ஆசிரியர் கொடுத்திருக்க வேண்டும். தெருவின் பெயர், ரயிலின் நேரம், ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கான தூரம். அந்தச் சின்ன உண்மைகளை நடந்து சரிபார்ப்பதுதான் இந்த ஆறு நாளின் வேலை. அண்மையில் வாசித்தவையும் மறுவாசிப்பு செய்தவையுமாக எட்டு நாவல்கள். இடங்கள் லண்டன், கிரீனிச், வோக்கிங், பிளெச்லி, பாரிஸ், அமியான்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு இரண்டு விசா வேண்டும்: பிரிட்டனுக்கு ஒன்று, பிரான்சுக்கு ஷெங்கன் ஒன்று. பாரிஸிலிருந்து மறுபடி லண்டன் வழியாகத்தான் ஊர் திரும்புவது என்றால், பிரிட்டன் விசா பல முறை நுழைய அனுமதிப்பதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். டிசம்பரில் லண்டனில் மாலை நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடும். வோக்கிங் பொட்டலில் அதற்குப் பிறகு வழி தெரியாது.

ஊரிலேயே செய்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. விளையாட்டு மைதானத்து ஓடுபாதையில் நூறு மீட்டரை இயல்பான நடையில் நடந்து, எத்தனை காலடி என்று மூன்று முறை எண்ணுங்கள். பெரும்பாலும் 130க்கும் 150க்கும் இடையில் வரும். நாவலில் வரும் தூரத்தை இந்த எண்ணைக் கொண்டுதான் அளக்கப் போகிறோம். கைபேசி வரைபடம் போதாதா என்றால், குறுகிய தூரத்தில், உயரமான கட்டடங்களுக்கு நடுவே, அதன் புள்ளி பத்து இருபது மீட்டர் தள்ளி நிற்பது சாதாரணம்.

முதல் நாள்: லண்டன், உளவாளிகளின் தெருக்கள்

ஸ்லோன் ஸ்குவேர் நிலையத்தில் இறங்கி கிங்ஸ் ரோட்டில் மேற்கே பத்து நிமிடம் நடந்தால் வலப்பக்கம் பைவாட்டர் தெரு. ஜான் லெ காரேயின் உளவு நாவல்களில் வரும் ஜார்ஜ் ஸ்மைலி குடியிருந்தது இங்கே, ஒன்பதாம் எண் வீட்டில். வெளிர் வண்ணம் பூசிய சிறிய வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் முட்டுச்சந்து. இந்த முட்டுச்சந்து என்பதுதான் முக்கியம். ஸ்மைலியைக் கண்காணிக்க நினைப்பவர் தெருவின் வாயில் ஒரே ஓர் ஆளை நிறுத்தினால் போதும். ஆனால் உள்ளே வரும் எந்த அந்நியரும் திரும்பி அதே வழியில்தான் போக வேண்டும், எல்லா ஜன்னலுக்கும் முன்னால். பிடிபடவும் பிடிக்கவும் ஒரே அளவு வசதியான தெருவை ஆசிரியர் தேர்ந்தெடுத்திருக்கிறார். இதைப் புத்தகத்தில் படிக்கும்போது உணர்வது கடினம். தெருமுனையில் நின்றால் அரை நிமிடத்தில் புரிந்துவிடும். இன்றும் மக்கள் வாழும் வீடுகள் அவை. வாசலில் நின்று படம் எடுக்க வேண்டாம்.

'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' 1974இல் வந்தது. முதல் எண்பது பக்கத்தில் இதைக் கைவிட்டவர்கள் ஏராளம். இரண்டு காரணங்கள். ஒன்று, உளவுத் துறைக்குள் புழங்கும் சொற்களை ஆசிரியர் விளக்கவே மாட்டார். விளக்கேற்றிகள் என்றால் பின்தொடர்பவர்கள், ஒற்றுக் கேட்பவர்கள் என்று நாமாகக் கண்டுகொள்ள வேண்டும். இன்னொன்று, கதை நிகழ்காலத்தில் நகர்வது மிகக் குறைவு. யாரோ ஒருவர் இன்னொருவரிடம் பழையதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். கடைசி வெற்றுப் பக்கத்தில் 'யார், யாரிடம், எந்த ஆண்டைப் பற்றி' என்று மூன்று பத்தி போட்டுக் குறித்துக்கொண்டே வாசியுங்கள். நூறாம் பக்கத்துக்குள் பிடி கிடைத்துவிடும். டெல்லிச் சிறையில் ஸ்மைலி தன் எதிரியோடு உட்கார்ந்து பேசும் அத்தியாயம் வரும்போது, அந்தக் குறிப்புகள் எல்லாம் கொடுத்த உழைப்புக்குப் பலன் தரும். எதிரி ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. ஸ்மைலி தன் பலவீனம் முழுவதையும் தானே சொல்லி முடிக்கிறார். உளவு நாவல்களில் இதைவிட நல்ல விசாரணைக் காட்சியை நான் வாசித்ததில்லை.

19ஆம் எண் பேருந்தில் ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூ போனால் கேம்பிரிட்ஜ் சர்க்கஸ். நாவலில் உளவுத் துறையின் பெயரே 'சர்க்கஸ்' என்பது இந்த நாற்சந்தியால் வந்தது. உண்மையான துறை ஒருநாளும் இங்கே இருந்ததில்லை. 1964 வரை செயின்ட் ஜேம்ஸ் பார்க் அருகே பிராட்வேயில், பிறகு லாம்பெத்தில், 1994 முதல் வாக்ஸாலில் தேம்ஸ் கரையில். முகவரி கற்பனை, ஆனால் சுற்றிலும் நாடகக் கொட்டகை, புத்தகக் கடை, மழையில் நனையும் கூட்டம் என்று எவரும் எவரையும் கவனிக்காத ஓர் இடத்தை எடுத்துக்கொண்டதில் தவறே இல்லை.

நேரம் இருந்தால் பார்பிகன் நிலையம் வரை போய் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு நடை. மிக் ஹெரனின் 'ஸ்லோ ஹார்சஸ்' (2010) நாவலில் வேலையில் சொதப்பிய உளவாளிகளை ஒதுக்கி வைத்திருக்கும் கட்டடம் இங்கே. முன்கதவு திறப்பதே இல்லை, பின்சந்து வழியாகத்தான் போக வேண்டும் என்று முதல் பக்கங்களிலேயே கட்டடத்தைத் தளம் தளமாக விவரிக்கிறார். அந்த விவரிப்பு நாவலின் ஆகச் சிறந்த பகுதி. கதையின் பிற்பாதியில் தற்செயல்கள் கொஞ்சம் அதிகம்.

இரண்டாம் நாள்: கிரீனிச்

கட்டி சார்க் நிலையத்தில் இறங்கி பூங்காவுக்குள் ஏறினால் மேட்டின் உச்சியில் ராயல் அப்சர்வேட்டரி. 1894 பிப்ரவரி 15 மாலை, ஐந்து மணிக்குச் சற்று முன், இந்த மேட்டுக்கு ஏறும் வளைவுப் பாதையில் மார்சியல் பூர்தான் என்ற 26 வயது பிரெஞ்சுக்காரரின் கையிலிருந்த குண்டு வெடித்தது. அரை மணி நேரத்தில் அவர் இறந்துபோனார். கட்டடத்துக்கு ஒரு சேதமும் இல்லை. எதற்காக வானியல் ஆய்வுக்கூடம் என்பது கடைசிவரை தெரியவில்லை.

அந்தத் தெரியாத இடத்தில்தான் ஜோசப் கான்ராட் 1907இல் 'த சீக்ரெட் ஏஜென்ட்' நாவலை நட்டார். ஒரு வெளிநாட்டுத் தூதரகத்து அதிகாரி சொல்கிறார்: அரசரைக் கொன்றால் மக்கள் பழகிவிட்டார்கள், தேவாலயத்தைத் தகர்த்தால் மதச் சண்டை என்பார்கள், யாருக்கும் புரியாத ஒன்றை, விஞ்ஞானத்தை, அடிக்க வேண்டும். அந்த ஓர் உரையாடலுக்காகவே நாவலை வாசிக்கலாம். வேகமான த்ரில்லரை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். வெடிப்பு மேடையில் நடப்பதே இல்லை. மண்வெட்டியால் அள்ளிக்கொண்டு வந்தவற்றை ஓர் அதிகாரி பார்க்கும் காட்சியாகத்தான் வருகிறது. நடந்ததை மறைத்துவிட்டு, நடந்ததன் எச்சத்தைக் காட்டும் இந்த உத்தியை நூறாண்டாக எத்தனையோ பேர் எடுத்தாண்டிருக்கிறார்கள்.

பாதையில் ஏறும்போது சரிவைக் கவனியுங்கள். கான்ராட் கதையில் குண்டைச் சுமப்பவன் மரவேரில் தடுக்கி விழுகிறான். இந்தச் சரிவில், மங்கிய பிப்ரவரி வெளிச்சத்தில், அது நடக்கக்கூடியதுதான் என்று கால்களே சொல்லிவிடும்.

மேலே போனால் எல்லோரும் சுழித் தீர்க்கரேகையைக் குறிக்கும் உலோகக் கோட்டின் இருபுறமும் கால் வைத்துப் படம் எடுப்பார்கள். கைபேசியில் தீர்க்கரேகையைப் பார்த்தால் சுழி வராது. சுழியைத் தேடிக் கிழக்கே போனால் சுமார் 102 மீட்டர் தள்ளி, பூங்காவின் நடுவே வரும். இது கைபேசியின் பிழை அல்ல. கோட்டின் இடத்தை முடிவுசெய்தது 1851இல் வானியலாளர் ஜார்ஜ் ஏரி நிறுவிய தொலைநோக்கி. அது பாதரசத் தொட்டியின் பரப்பைச் சமதளமாகக் கொண்டு செங்குத்தைத் தீர்மானித்தது. மலையும் நிலத்தடிப் பாறையும் ஈர்ப்பைச் சற்றே சாய்ப்பதால் அந்தச் செங்குத்து பூமியின் மையத்தை நேராகத் தொடாது. செயற்கைக்கோள்கள் மையத்தை வைத்து அளக்கின்றன. உங்கள் காலடிக் கணக்கை இங்கே சோதிக்கலாம்: 102 மீட்டர், கிட்டத்தட்ட 140 காலடி.

முற்றத்துக்குள் போகக் கட்டணம் உண்டு. கோடு மட்டும் பார்த்தால் போதும் என்பவர்கள், வெளிச்சுவரை ஒட்டிய கீழ்ப்பாதையில் அதே ரேகை சுவரில் இறங்கியிருப்பதைக் காசில்லாமல் பார்க்கலாம்.

மூன்றாம் நாள்: வோக்கிங்

இந்தப் பயணத்தில் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் அதை இங்கே செலவிடச் சொல்வேன்.

வாட்டர்லூவிலிருந்து வேக ரயிலில் வோக்கிங் அரை மணிக்கும் குறைவு. காலை நெரிசல் நேரம் கழிந்து, ஒன்பதரைக்கு மேல் கிளம்பினால் கட்டணம் குறையும். எச்.ஜி.வெல்ஸ் 1895இல் இந்த ஊருக்குக் குடிவந்தார், ரயில் பாதையைப் பார்த்தபடி இருக்கும் மேபரி ரோட்டில். அப்போதுதான் சைக்கிள் கற்றுக்கொண்டார். சைக்கிளில் சுற்றிச் சுற்றி, எந்தெந்த இடத்தையும் யார் யாரையும் செவ்வாய்க்காரர்களைக் கொண்டு அழிக்கலாம் என்று குறித்துக்கொண்டு போனதைப் பிற்காலத்தில் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். 'த வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்' 1897இல் தொடராகவும் 1898இல் நூலாகவும் வந்தது. கதைசொல்லியும் மேபரிக்காரர், அவரும் கதை தொடங்கும்போது சைக்கிள் பழகிக்கொண்டிருக்கிறார்.

நிலையத்துக்கு வடக்கே ஐந்து நிமிடத்தில், கடைகளுக்கு நடுவே ஏழு மீட்டர் உயர எஃகு முக்காலி, அதாவது நாவலில் செவ்வாய்க்காரர்கள் ஓட்டிவரும் மூன்று கால் எந்திரத்தின் உருவம், நிற்கிறது. நாவலின் நூற்றாண்டான 1998இல் மைக்கேல் காண்ட்ரன் செய்தது. பலரும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். குனிந்து தரையைப் பாருங்கள். சுற்றியுள்ள தளக்கற்களில் இருப்பவை நுண்ணுயிர்களின் வடிவங்கள். கதையின் முடிவு காலடியில் கிடக்கிறது.

அங்கிருந்து கால்வாய்ப் பாலத்தைக் கடந்து வடக்கே ஹார்செல் காமன். நிலையத்திலிருந்து மொத்தம் இரண்டரை கி.மீ., அரை மணி நடை. நாவலில் உருளை வந்து விழும் மணற்குழியைத் தேடும்போதுதான் பெரும்பாலானோர் தவறு செய்கிறார்கள். காமன் என்பது ஒற்றை மைதானம் அல்ல. சாலைகள் பல துண்டுகளாக வெட்டிய பெரிய பொட்டல். கைபேசியில் வெறுமனே ஹார்செல் காமன் என்று போட்டால் ஏதோ ஒரு துண்டுக்குக் கொண்டுபோய்விடும். 'சாண்ட் பிட்ஸ்' என்று தேடுங்கள், அல்லது ஷோர்ஸ் ரோடு வாகன நிறுத்தத்தை இலக்காக வையுங்கள். 25 ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலான ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடம் இருந்தால் இன்னும் நல்லது. மழைக்குப் பிறகு குழியின் அடியில் நீர் தேங்கிக் குளமாகிவிடும். பழைய செருப்போடு போகாதீர்கள். ஆகஸ்டில் புதர்ச்செடி பூத்து மேடெல்லாம் ஊதாவாக இருக்கும்.

குழியின் விளிம்பில் நின்று நாவலைத் திறந்தால் முதலில் தோன்றுவது, எவ்வளவு சின்ன இடம் என்பதுதான். வெல்ஸ் சொல்லும் உருளையின் விட்டம் சுமார் முப்பது கெஜம், அதாவது 27 மீட்டர், 38 காலடி. விளிம்பிலிருந்து எண்ணிப் பாருங்கள். உருளையைக் குழிக்குள் வைத்தால் சுற்றி நிற்கும் கூட்டத்துக்கும் அதற்கும் நடுவில் ஒன்றுமே மிச்சமில்லை. மூடி திருகிக் கழன்று விழும் காட்சியில் ஒருவர் குழிக்குள் தள்ளப்படுகிறார் அல்லவா, அந்த நெரிசல் எங்கிருந்து வந்தது என்பது இங்கே நின்றால்தான் விளங்கும்.

இன்றைய பல படையெடுப்புக் கதைகள் நகரத்தின் மேல் பெரிய கப்பலைக் கொண்டுவந்து நிறுத்துவதில் தொடங்குகின்றன. வெல்ஸ் தொடங்குவது ஒரு வெள்ளிக்கிழமைக் காலை, கொல்லைப்புற வேலி, பக்கத்து வீட்டுக்காரர், ரயில் கூவல் இவற்றிலிருந்து. கதைசொல்லி தன் மனைவியைக் கொண்டுபோய் விட்ட லெதர்ஹெட் மேபரி ஹில்லிலிருந்து பன்னிரண்டு மைல் என்று தூரத்தைச் சொல்கிறார். வாடகைக்கு வாங்கிய குதிரை வண்டியில் அந்தத் தூரத்துக்கு எவ்வளவு நேரமாகும் என்பது உள்ளூர் வாசகருக்குத் தெரியும். அதனால் வண்டியைத் திருப்பிக் கொடுக்க இரவோடு இரவாக அவர் திரும்பி வரும்போது, இடியும் மழையும் நடுவே முக்காலி தெரியும் அந்தப் பக்கத்தில், வாசகர் ஏற்கெனவே அந்தச் சாலையில் இருக்கிறார். அடுத்து வெய்பிரிட்ஜ், ஷெப்பர்ட்டன், ஹாலிஃபோர்ட், ஷீன் என்று தேம்ஸை ஒட்டியே லண்டனுக்குள் நுழையும் வழி. ஒன்றுகூட வரிசை தப்பவில்லை.

குறை இல்லாமலில்லை. கதைசொல்லியுடைய தம்பியின் கதை லண்டனிலிருந்து எசெக்ஸ் கரைக்கு ஓடும் பகுதி வேறொருவரின் கண்ணால் சொல்லப்பட்டாலும் குரல் அதே குரல். இரண்டாம் பகுதியில் பாதிரியாரோடு இடிந்த வீட்டில் அடைபட்ட நாட்கள் நீளம். ஆனால் காலனி ஆதிக்கத்தைத் திருப்பிப் போட்ட விதத்தில் இது இன்னும் பழசாகவில்லை. ஐரோப்பியர் டாஸ்மேனியர்களை அழித்ததை முதல் அத்தியாயத்திலேயே நினைவூட்டிவிட்டுத்தான் செவ்வாய்க்காரர்களின் இரக்கமின்மையைப் பற்றிப் பேசுகிறார்.

திரும்பும்போது ஒரு கி.மீ. சுற்றானாலும் ஓரியண்டல் ரோட்டுக்குப் போங்கள். போபால் பேகம் ஷாஜகானின் நன்கொடையில் 1889இல் கட்டிய பச்சைக் குவிமாட மசூதி அங்கே இருக்கிறது. கீழைமொழி அறிஞர் லைட்னர் நிறுவிய ஓரியண்டல் கல்லூரியை ஒட்டி எழுந்தது. நாவலில் செவ்வாய்க்காரர்களின் வெப்பக்கதிர் மேபரியைத் தாக்கும் மாலையில் கல்லூரியின் மரங்கள் தீப்பிடிக்கின்றன, பக்கத்துத் தேவாலயத்தின் கோபுரம் சரிகிறது, மசூதியின் சிகரம் காணாமல் போகிறது. கதையில் அழிந்த அந்தக் குவிமாடம் நிஜத்தில் அப்படியே நிற்கிறது. ஹார்செல் காமனின் ஓரத்தில், மானுமென்ட் ரோடு பக்கம், முதல் உலகப்போரில் காயம்பட்டு இங்கிலாந்தில் இறந்த முஸ்லிம் இந்தியச் சிப்பாய்களுக்காக அமைத்த அடக்கத்தலமும் உண்டு. 1960களின் இறுதியில் உடல்களை புரூக்வுட்டுக்கு மாற்றிவிட்டார்கள். சுவரும் வளைவும் நினைவுத் தோட்டமாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கின்றன. காமனுக்குப் போகிற இந்தியர் இதைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்பது என் எண்ணம்.

நான்காம் நாள்: பிளெச்லி

யூஸ்டனிலிருந்து வடக்கே ரயில். வண்டியைப் பொறுத்து 35 நிமிடத்திலிருந்து ஒரு மணி வரை. நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் சங்கேதங்களை உடைத்த பிளெச்லி பார்க். இங்கே வழக்கமாக நேரும் ஏமாற்றம்: நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே போய் கொலோசஸ் கணினி எங்கே என்று தேடுவது. அது அதே வளாகத்தில், ஆனால் தனி நிறுவனமான தேசியக் கணினி அருங்காட்சியகத்தில், தனிச் சீட்டில். சங்கேதம் உடைக்க உதவிய, மறுபடி கட்டிய பாம்ப் எந்திரமும் 2018 முதல் அங்கேதான். அந்த அருங்காட்சியகம் எல்லா நாளும் திறப்பதில்லை. நாளைப் பார்த்துவிட்டு ரயில் சீட்டு எடுங்கள்.

ராபர்ட் ஹாரிஸின் 'எனிக்மா' (1995) நாவலை வாசிக்கும் முன், ஜெர்மானியர் செய்திகளைச் சங்கேதமாக்கிய அந்தப் பெயருள்ள எந்திரத்தைப் பற்றி மூன்று விஷயம் தெரிந்தால் போதும். ஐந்து சக்கரங்களில் மூன்றைத் தேர்ந்து வரிசைப்படுத்த 60 வழி. ஒவ்வொன்றையும் 26 எழுத்தில் எங்கும் தொடங்கலாம் என்பதால் 17,576 நிலை. முன்பலகையில் பத்து வயர்களைச் செருக 150 லட்சம் கோடிக்கு மேற்பட்ட வழி. மூன்றையும் பெருக்கினால் 159க்குப் பின் 18 சுழி. இந்த எண்ணைக் காட்டித்தான் எல்லாக் கண்காட்சிகளும் மலைக்கவைக்கின்றன. உண்மையான ஓட்டை வேறிடத்தில். உள்ளே இருக்கும் பிரதிபலிப்பானால் எந்த எழுத்தும் அதே எழுத்தாக வெளிவர முடியாது. ஏ அழுத்தினால் ஏ தவிர வேறு எதுவும் எரியலாம். ஆகவே செய்தியில் 'வானிலை' என்ற சொல் இருக்கும் என்று ஊகித்தால், அந்தச் சொல்லைச் சங்கேத வரிக்குக் கீழே ஓர் எழுத்து ஓர் எழுத்தாக நகர்த்திப் பார்க்கலாம். எங்கே மேலும் கீழும் ஒரே எழுத்து மோதுகிறதோ அந்த இடம் இல்லை. மிஞ்சிய இடங்களை பாம்ப் எந்திரத்துக்குக் கொடுப்பார்கள். அதில் 108 உருளைகள், 36 எனிக்மாக்களுக்குச் சமம். உத்தேசச் சொல் தவறென்றால் எந்திரம் மணிக்கணக்கில் சுற்றிவிட்டு ஒன்றும் தராது.

நாவல் நடப்பது 1943 மார்ச்சில். ஜெர்மன் நீர்மூழ்கிகள் 1942 பிப்ரவரி 1 முதல் நான்கு சக்கர எனிக்மாவுக்கு மாறியபின், அவற்றின் செய்திகளைப் படிக்க முடியாமல் பிளெச்லிக்குப் பத்து மாதம் இருட்டு. அக்டோபரில் மூழ்கிக்கொண்டிருந்த யு-559 நீர்மூழ்கியில் இறங்கிக் குறிப்பேடுகளை மேலே கொடுத்தனுப்பிய பிரிட்டிஷ் கடற்படையினர் ஃபாசன், கிரேசியர் இருவரும் அதோடே கடலில் போனார்கள். அவற்றில் ஒன்றான வானிலைச் சங்கேதக் குறிப்பேட்டை வைத்து டிசம்பரில் கதவு திறந்தது. 1943 மார்ச் 10 அன்று ஜெர்மானியர் அந்தக் குறிப்பேட்டை மாற்றினார்கள். மறுபடி இருட்டு, அப்போது அட்லாண்டிக்கில் பெரிய கப்பல் தொடர்கள். இதெல்லாம் நடந்தது. ஹாரிஸ் செய்தது, இந்த ஒன்பது பத்து நாட்களுக்குள் தன் கற்பனைக் கணிதக்காரர் டாம் ஜெரிகோவை நிறுத்தியது. பிளெச்லியின் புகழ்பெற்ற கணிதவியலாளர் டூரிங் அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்பதால் நாயகனை வேறொருவராக வைக்க வரலாறே இடம் கொடுத்தது.

நாவலின் நெஞ்சு ஒரு கணக்கில் இருக்கிறது. வானிலைச் சொல் போய்விட்டது. மிச்சம் இருப்பது, கப்பல்களைக் கண்டதும் நீர்மூழ்கி அனுப்பும் குறுஞ்செய்தி. அதில் என்ன இருக்கும் என்று ஊகிக்கலாம். ஆனால் போதுமான குறுஞ்செய்திகள் வேண்டுமென்றால், போதுமான நீர்மூழ்கிகள் கப்பல் தொடரைக் கண்டுபிடிக்க வேண்டும். சங்கேதம் உடைய வேண்டுமானால் வேட்டை தொடங்க வேண்டும். குடிலில் உட்கார்ந்து ஒவ்வொரு செய்தியாக எண்ணும் அத்தியாயத்தில் துப்பாக்கி இல்லை, ஓட்டம் இல்லை. இருந்தும் மூச்சு முட்டுகிறது. எச்எக்ஸ் 229, எஸ்சி 122 என்ற இரண்டு தொடர்களிலும் சேர்த்து 22 கப்பல்கள் நிஜமாகவே மூழ்கின.

ஜெரிகோ வேலை செய்யும் எட்டாம் குடிலுக்குள் நின்றால் இந்த அத்தியாயத்தை மறுபடி வாசியுங்கள். மரப்பலகைச் சுவர், தாழ்ந்த கூரை, நீள மேசை. இத்தனை சாதாரண அறை என்பதே அந்த அத்தியாயத்தின் பலம். காணாமல்போன காதலியைத் தேடும் இன்னொரு இழையில் நாவல் கொஞ்சம் இளைக்கிறது. கடைசிப் பகுதியின் ரயில் துரத்தல் வேறொரு, சாதாரணமான, புத்தகத்திலிருந்து வந்ததுபோல் இருக்கிறது.

ஐந்தாம் நாள்: பாரிஸ்

செயின்ட் பாங்கிரஸிலிருந்து யூரோஸ்டாரில் கார் து நோர், ஏறக்குறைய இரண்டே கால் மணி. பிரெஞ்சு எல்லைச் சோதனை லண்டனிலேயே, வண்டி ஏறும் முன் முடிந்துவிடும். அதனால் விமான நிலையம்போல ஒன்றரை மணி முன்னே போங்கள். பாரிஸ் கடிகாரம் ஒரு மணி முந்தி.

மெட்ரோ நான்காம் தடத்தில் செயின்ட் ஜெர்மான் தே ப்ரே நிறுத்தத்தில் இறங்கி, ரூ த ரேன் வழியாகத் தெற்கே நடந்தால் ஒரு கி.மீ.க்குச் சற்று மேல். முடிவில் ப்ளாஸ் து 18 ழுவான் 1940 என்ற சதுக்கம். ஃபிரெடெரிக் ஃபோர்சித்தின் 'த டே ஆஃப் த ஜாக்கல்' (1971) முடியும் இடம். எதிரே நிற்கும் கறுப்புக் கோபுரத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது 1973இல் முடிந்தது. கதை நடக்கும் 1963 ஆகஸ்டில் அங்கே பழைய மோன்பர்னாஸ் ரயில் நிலையம் இருந்தது. பாரிஸை ஆண்ட ஜெர்மன் தளபதி 1944 ஆகஸ்ட் 25 அன்று சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திட்ட நிலையம் அது. பாரிஸ் விடுபட்ட அந்த நாளின் விழாவை ஆசிரியர் இங்கே வைத்ததற்கு அதுவே காரணம்.

1970 ஜனவரியில் 35 நாளில் எழுதி முடித்த நாவல். அதற்கு முன் ஃபோர்சித் பாரிஸில் ராய்ட்டர் செய்தியாளர். 1962 ஆகஸ்ட் 22இல் பெட்டி கிளாமாரில் பிரெஞ்சு அதிபர் தெகோலின் கார் மீது நிஜமாக நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குத் தலைமை தாங்கியவரின் மரண தண்டனையிலிருந்து கதையைத் தொடங்குகிறார். நாவல் வந்தபோது தெகோல் வீட்டில் இயற்கையாக இறந்து ஓராண்டு ஆகவில்லை. ஆகவே கதையில் திட்டமிடும் தெகோலின் கொலை நடக்காது என்று வாசகருக்கு முதல் பக்கத்திலேயே தெரியும். அப்படியிருந்தும் கீழே வைக்க முடியாமல் போவதற்குக் காரணம் செய்முறை. கொலையாளி போலிப் பெயரில் பாஸ்போர்ட் பெறும் ஒவ்வொரு படியும், கைவினைஞரிடம் வேலை கொடுக்கும் பேரமும், மறுபக்கம் ஓட்டல் பதிவுச்சீட்டுகளைப் புரட்டும் துப்பறிவாளர் லெபெலின் சலிப்பூட்டும் உழைப்பும். ஆட்களின் மனத்துக்குள் போவதே இல்லை. பாத்திரப் படைப்பு வேண்டும் என்பவர்களுக்கு இந்த நாவல் பிடிக்காது. அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. பெண் பாத்திரங்கள் மிக மெலிந்தவை.

முடிவு தெரிய விரும்பாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். வீதியின் கடைசி வீட்டு மாடியையும் சதுக்கத்தையும் மாறி மாறிப் பாருங்கள். தூரம், கோணம், தடையில்லாத பார்வை, எல்லாம் பொருந்துகிறது. கொலையாளி எதையும் தவறவிடவில்லை. பதக்கம் குத்திய பிறகு முதியவரின் இரு கன்னத்திலும் முத்தமிடத் தலைவர் சட்டென்று குனிகிறார். குண்டு தலைக்குப் பின்னால் தரையில் பாய்கிறது. ஆங்கிலேயனான கொலையாளிக்கு அது தோன்றவில்லை. மாதக்கணக்கான அளவெடுப்பை அந்த நாட்டுப் பிள்ளைக்கும் தெரிந்த ஒரு பழக்கம் முறித்துப்போடுகிறது. முந்நூறு பக்கத்துக்கு மேல் எண்களைக் கொடுத்துவிட்டு எண்ணில் வராத ஒன்றால் கதையை முடித்த இந்த இடம், ஃபோர்சித் பிறகு எழுதிய எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆறாம் நாள்: அமியான்

கார் து நோரிலிருந்து ஒரு மணி பத்து நிமிடம். ழூல் வெர்ன் 1882 முதல் 1900 வரை வாழ்ந்த கோபுர வீடு நிலையத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில், ரூ சார்ல் துபுவாவில். படிக்கும் அறையைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். உலகம் முழுவதையும் எழுதியவரின் மேசை சின்னது, அருகே ஒரு சிறு கட்டில். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுதத் தொடங்குவார். நகராட்சி உறுப்பினராகவும் இருந்தார்.

'பூமியிலிருந்து சந்திரனுக்கு' (1865) நாவலை இந்தப் பயணத்துக்காக மறுபடி வாசித்தபோது கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றியது. வெர்ன் தரும் எண்கள்: பீரங்கியின் நீளம் 900 அடி, வெடிபஞ்சு 4 லட்சம் பவுண்டு, குண்டு வெளியேறும் வேகம் நொடிக்கு 12,000 கெஜம். வேகம் சரி, பூமியின் ஈர்ப்பிலிருந்து விடுபட ஏறத்தாழ அவ்வளவு வேண்டும். புளோரிடாவைத் தேர்ந்ததும் சரி. ஆனால் 274 மீட்டர் குழலுக்குள் நொடிக்கு 11 கி.மீ. வேகத்தை எட்ட வேண்டுமானால், வேகத்தின் வர்க்கத்தை இரு மடங்கு தூரத்தால் வகுக்க, முடுக்கம் புவியீர்ப்பைப் போல 22,000 மடங்கு. குழலுக்குள் இருக்கும் நேரம் நொடியில் இருபதில் ஒரு பங்கு. அறுபது கிலோ மனிதர் அந்த நேரத்தில் 1,300 டன் கனப்பார். அதிர்ச்சி தாங்க வெர்ன் வைத்தது மூன்றடி தண்ணீர் மெத்தை. இன்றைய ராக்கெட்டுகள் நிமிடக்கணக்கில் மெல்ல வேகம் ஏற்றி, மூன்று நான்கு மடங்கோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான். துல்லியமான எண் எப்போதும் உண்மை அல்ல. எந்த எண்ணைக் கொடுக்காமல் விட்டார் என்று பார்க்க வேண்டும். அவர் விட்டது மனித உடலை.

'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்' அந்தக் குறையில்லாதது. நாட்டிலஸின் நீளம் 70 மீட்டர், அகலம் 8 மீட்டர் என்று அளவு சொல்லிவிட்டு, அதற்குள் வாழும் மனிதரைப் பற்றி எதையும் சொல்லாமல் நிறுத்துகிறார். கேப்டன் நெமோவை முதலில் ருஷ்யாவை எதிர்க்கும் போலந்துக்காரராகத்தான் நினைத்திருந்தார். பதிப்பாளர் எட்செல் மறுத்தார். பிறகு வந்த 'மர்மத் தீவு' நாவலில் நெமோ புந்தேல்கண்ட் இளவரசர் தக்கார், திப்பு சுல்தானின் உறவினர், 1857இல் எல்லாவற்றையும் இழந்தவர் என்று தெரியவருகிறது.

தமிழ் வாசகருக்கு நான் சுட்டுவது இரண்டாம் பாகத்தின் மூன்றாம் அத்தியாயம். நாட்டிலஸ் மன்னார் வளைகுடாவுக்கு வருகிறது. முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்புப் பருவம், தொடங்குமுன்னே தனியாக வந்த ஓர் ஏழை முத்துக்குளிப்பவர், காலால் கல்லைப் பற்றிக்கொண்டு இறங்கி, சிப்பியைப் பறித்து ஏறி, மறுபடி இறங்குகிறார். தூத்துக்குடி, கீழக்கரை, மன்னார்க் கரைகளில் நூற்றாண்டுகளாக நடந்த அதே முறை. சுறா பாய்கிறது, நெமோ கத்தியோடு குறுக்கே போகிறார். மயங்கிய ஆளைப் படகில் கிடத்தி மூச்சு வரவைத்து, கையில் ஒரு பை முத்தைத் திணித்துவிட்டுத் திரும்புகிறார். ஒடுக்கப்பட்ட நாட்டுக்காரர் அவர், நானும் அந்த நாட்டைச் சேர்ந்தவனே என்ற பொருளில் பிறகு சொல்கிறார். நெமோ யார் என்பதற்கு அந்த நாவலில் கிடைக்கும் முக்கியமான தடயம் அது.

வெர்னின் கல்லறை நகரின் வடமேற்கே மதலேன் இடுகாட்டில். மையத்திலிருந்து மூன்று கி.மீ. அளவில் நடை, அல்லது பேருந்து. ஆல்பெர் ரோஸ் செதுக்கிய சிலையில் மூடுகல்லைத் தோளால் தூக்கிக்கொண்டு ஒரு மனிதர் வெளியே வருகிறார், கை வானை நோக்கி. மரங்கள் அடர்ந்த பெரிய இடுகாடு. வாசலிலுள்ள வரைபடத்தைப் படம் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள், இல்லையென்றால் அரை மணி வீணாகும். குளிர்காலத்தில் கதவை முன்னதாகவே பூட்டிவிடுவார்கள். மாலை ரயிலில் பாரிஸ் திரும்பும் ஒரு மணி பத்து நிமிடம் மன்னார் அத்தியாயத்துக்குச் சரியாக இருக்கும்.